சாஃப்: வானத்தில் தூற்றும் பதர்

பத்திரிகைக்கு மொழிபெயர்க்கும் நண்பர் ஒருவர் போன கிழமை சரிபார்க்கச் சொல்லி அனுப்பிய வரி: "ஏவுகணையிடமிருந்து தப்ப விமானி வைக்கோலைத் தூவினார்." வெள்ளவத்தையில் பஸ்ஸுக்குள் நின்றபடி வாசித்துச் சிரித்துவிட்டேன். அகராதியைக் குறை சொல்ல முடியாது. மூலத்தில் இருந்த 'சாஃப்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உமி, பதர், நறுக்கிய வைக்கோல் எல்லாமே பொருள்தான்.

விமானி தூவுவது அலுமினியம் பூசிய, மயிரிலும் மெல்லிய கண்ணாடி இழைகளை. ராடர் அலைநீளத்தில் பாதியளவுக்கு நறுக்கிய இழை அந்த அலையை நன்றாகத் திருப்பி அனுப்பும். இழைமேகம் திரையில் இன்னொரு விமானமாகத் தெரியும். 1943 ஜூலை 24 இரவு, ஹம்பேர்க்கைத் தாக்கப்போன பிரித்தானியர் 27 செ.மீ அலுமினியத்தாள் கீற்றுகளை இப்படிக் கொட்டினார்கள். போன 791 விமானங்களில் 12தான் திரும்பவில்லை. அவர்கள் வைத்த மறைபெயர் 'யன்னல்'. அமெரிக்கர் சொன்ன 'சாஃப்' நிலைத்துவிட்டது.

சரி, தமிழில் உமியா, பதரா? அம்மாவிடம் கேட்டேன். "உமி குத்தினாப் பிறகு வாற தோல். பதர் பார்வைக்கு நெல்லுத்தான் தம்பி, உள்ளுக்கை ஒண்டும் இராது." வன்னியில் சப்பி என்பார்கள். பயனில்லாத பேச்சுக்காரனை வள்ளுவர் 'மக்கட் பதடி' என்றதும் (குறள் 196) இதே பதரைத்தான். திரையில் விமானம், உள்ளே வெறுமை: ஆங்கிலத்தைவிட நம் சொல்லே கச்சிதம். முதல் தடவை 'உலோகப் பதர்' என்று எழுதினால், அப்புறம் பதர் போதும்.

வினைச்சொல் 'தூற்றினார்'. (பழியையும் தூற்றுவோம், பரவாயில்லை.) தூற்றும்போது நெல் நேரே விழும், பதர் காற்றோடு போகும். பொருள் நெருங்கும் வேகத்தையும் அளக்கும் டொப்ளர் ராடரும் அப்படித்தான் பிரிக்கிறது: இழை வெளியே வந்ததும் வேகமிழந்து மிதக்கும், விமானமோ பறந்துகொண்டே இருக்கும். அதனால் விமானி பதரைத் தூற்றிய கையோடு ராடருக்குக் குறுக்காகத் திருப்புவார். ராடரை நெருங்கும் வேகம் பூச்சியத்துக்குப் பக்கத்தில் வர, பதரோடு பதராகிவிடுவார்.

வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணையிடம் இது பலிக்காது. அதற்கு மக்னீசியம் கலந்து எரியும் 'ஃபிளேர்' வேண்டும். தீச்சுடர் என்றால் எவருக்கும் புரியும். நண்பர் அடுத்த பந்தியில் இரண்டையும் சேர்த்து 'எரியும் வைக்கோல்' என்று எழுதியிருந்தார்.