கேரவனின் வாலில் கார்: மலையேறும் முன் விதி என்ன சொல்கிறது?

சேலத்தில் இருக்கும் என் மச்சான் கோடையில் வாடகைக் கேரவன் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊட்டிக்கு வரத் திட்டம் போட்டார். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே. ஆனால் அந்த உருவத்தை வைத்துக்கொண்டு ஊட்டி மார்க்கெட் பக்கம் காய்கறி வாங்கப் போக முடியுமா? "அமெரிக்காவுல பின்னாடியே காரைக் கட்டி இழுத்துட்டுப் போறாங்களே மாப்ள, நாமளும் நம்ம காரைக் கட்டிட்டு வந்தா என்ன?" என்று போனில் கேட்டார்.

கூடாது என்று உடனே சொன்னேன். ஏன் என்று விளக்கத்தான் நேரம் பிடித்தது.

அமெரிக்காவில் இப்படிக் காரை இழுக்க மூன்று வழி உண்டு. முதலாவது, காரின் நான்கு சக்கரமும் தரையில் உருள, முன்பக்கம் இரும்புக் கம்பியால் கேரவனோடு பிணைத்து இழுப்பது. இரண்டாவது, முன்சக்கரம் இரண்டையும் ஒரு சிறு இருசக்கர மேடையில் ஏற்றி, பின்சக்கரத்தை மட்டும் உருளவிடுவது. மூன்றாவது, முழுக் காரையும் ட்ரெய்லரில் ஏற்றுவது. முதல் வழிக்கு எல்லாக் காரும் தோதுப்படாது. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்களில் கியர்பெட்டிக்குள் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப், எஞ்சின் ஓடினால்தான் ஓடும். எஞ்சினை அணைத்துவிட்டு சக்கரத்தை மட்டும் மைல்கணக்கில் உருட்டினால் உள்ளே பல்சக்கரங்கள் எண்ணெய் இல்லாமல் தேய்ந்து கருகும். நியூட்ரலில் போட்டாலும் தப்பாது. ஜீப் மாதிரி, சக்கரங்களையும் கியர்பெட்டியையும் தனியே பிரித்துவிடும் வசதி உள்ள வண்டிகளை அங்கே தேடி வாங்குவது இதற்காகத்தான்.

நம் ஊர்ச் சட்டம் இந்த மூன்றையும் வேறு கண்ணால் பார்க்கிறது. ஒரு வண்டி இன்னொரு வண்டியை இழுப்பது இங்கே பயண முறை அல்ல, அவசர உதவி. 1989-ன் சாலை விதிகளில் இது தெளிவாக இருந்தது. அவற்றுக்குப் பதிலாக 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் அதே தடத்தில்தான் போகின்றன. பழுதாகி நின்ற வண்டி, முழுதாகக் கட்டி முடிக்காத வண்டி, பதிவு செய்த ட்ரெய்லர், சைடுகார் ஆகியவற்றைத்தான் இழுக்கலாம். பழுதான வண்டியையும் பக்கத்துப் பட்டறை வரைக்குமே. அப்போதும் இழுபடும் வண்டியின் ஸ்டியரிங்கில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் முன்சக்கரங்கள் தரையில் படாதபடி கிரேன் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் நடுவே ஐந்து மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கயிறோ சங்கிலியோ மற்றவர்கள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும். பின்னால் வெள்ளைப் பலகையில் 'ஆன் டோ' (இழுத்துச் செல்லப்படுகிறது) என்று ஆங்கிலத்தில் கறுப்பு எழுத்து. வேகம், 1989 விதிப்படி மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது. சேலத்திலிருந்து மேட்டுப்பாளையம் வரை இந்த வேகத்தில் வந்தால் குழந்தைகள் பாதி வழியில் இறங்கி நடந்தே வந்துவிடும்.

ஆக, நன்றாக ஓடும் காரை முதல் வழியில் இழுத்து வர இடமே இல்லை. சக்கரம் தூக்கும் வழியும் பழுதான வண்டிக்கு மட்டும்தான். மிஞ்சுவது ட்ரெய்லர்.

ட்ரெய்லரைச் சட்டம் தனி வாகனமாகவே எண்ணுகிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 'மோட்டார் வாகனம்' என்ற சொல்லுக்குள்ளேயே ட்ரெய்லரையும் அடக்கியிருக்கிறது. ஆகவே அதற்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு, தனி எண், தனி ஆர்.சி. வேண்டும். 61-ஆம் பிரிவுப்படி ட்ரெய்லரின் எண் இழுக்கும் வண்டியின் பக்கவாட்டிலும், இழுக்கும் வண்டியின் எண் ட்ரெய்லரிலும் தெரிய வேண்டும். லேத் பட்டறையில் நாலு இரும்புச் சட்டத்தைப் பற்றவைத்து உருட்டிக்கொண்டு வருவது நடக்காது. கேரவனின் பின்புறம் கொக்கி பொருத்துவதிலும் கவனம் தேவை. தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52-ஆம் பிரிவு. வாடகை வண்டி என்றால் அந்த எண்ணத்தையே விட்டுவிடலாம். கொக்கி அடிக்க முதலாளி விடமாட்டார்.

லைசென்ஸ் விஷயத்தில் கொஞ்சம் நல்ல செய்தி. மொத்த எடை 7500 கிலோவைத் தாண்டாத வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் வைத்திருப்பவர், தனியாகப் போக்குவரத்து வாகன அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிப்படுத்தியது. வேன் அடித்தளத்தில் கட்டிய சிறு கேரவன்கள் பல இதற்குள் வந்துவிடும்.

இன்சூரன்ஸ்தான் பலரும் படித்தே பார்க்காத பக்கம். வழக்கமான மோட்டார் பாலிசியில் இழுப்பதற்கு ஒரு பத்தி இருக்கும்: பழுதான ஒரே ஒரு வண்டியை, கூலி வாங்காமல் இழுத்தால் பாலிசி செல்லும், ஆனால் இழுபடும் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல. 'பழுதான' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஓடும் காரைக் கட்டி இழுத்து விபத்தானால் அந்தப் பத்தி உங்களுக்குத் துணை நிற்காது.

சரி, பதிவு செய்த ட்ரெய்லரே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதோடு கல்லாறிலிருந்து பர்லியாறு வழியாகக் குன்னூர் ஏற நான் சொல்லமாட்டேன். அந்தப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அரசுப் பேருந்து இறங்கும்போது வளைவின் முழு அகலமும் அதற்கே வேண்டும். மேலேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பதுதான் மலைச்சாலை விதி. ஆனாலும் நடுவளைவில் பஸ் வந்து நின்றுவிட்டால் நீங்கள்தான் பின்னால் எடுத்தாக வேண்டும். ட்ரெய்லரோடு வளைவில் ரிவர்ஸ் எடுப்பது தேர்ந்த லாரி டிரைவருக்கே வியர்க்கும் வேலை. இறக்கத்தில் கதை இன்னும் மோசம். பின்னாலிருக்கும் பாரத்துக்குத் தனி பிரேக் இல்லையென்றால் அத்தனை எடையும் கேரவனை முன்னே தள்ளும். பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காமல் போகும். இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லும் பலகைகள் சும்மா வைக்கப்படவில்லை.

நம் மலை ரயிலைப் பாருங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை, 12 அடிக்கு ஓரடி ஏறும் பல்சக்கரத் தடத்தில், எஞ்சின் பெட்டிகளை இழுப்பதில்லை. கீழ்ப்பக்கம் நின்று தள்ளுகிறது. இறங்கும்போதும் அதே கீழ்ப்பக்கம் நின்று பாரத்தைத் தாங்குகிறது. கேரவனும் ட்ரெய்லரும் ஏறும்போது இதற்கு நேர் எதிர்; கொக்கி விட்டால் பாரம் கீழே ஓடும்.

கொடைக்கானல் பக்கம் போகலாம் என்றால் அங்கே நீளமே தடை. 12 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பேருந்து, கனரக வாகனங்களுக்கு 2024 நவம்பரில் திண்டுக்கல் மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. ஏழு மீட்டர் கேரவன், நாலு மீட்டர் காரை ஏற்றிய ட்ரெய்லர், நடுவே இணைப்புக் கம்பி என்று கூட்டிப் பார்த்தால் அந்த அளவு தாண்டிவிடும்.

மச்சானுக்கு நான் சொன்னது: காரை அக்கா தனியாக ஓட்டி வரட்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு வண்டி என்றால் இரண்டு பாஸ். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6000, வார இறுதியில் 8000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வந்தது. அதனால் தேதியை முடிவு செய்த கையோடு இரண்டுக்கும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். சீசனில் குன்னூர் வழியே ஏறி, கோத்தகிரி வழியே இறங்கவிடுவார்கள். மசினகுடிக்குக் குறுக்குவழி என்று மேப் காட்டும் கல்லட்டிப் பாதையை நம்ப வேண்டாம். 36 கொண்டை ஊசி வளைவுகள், வெளியூர் வண்டிகள் அதில் இறங்கக் கட்டுப்பாடு உண்டு. மைசூர் போகிறவர்கள் கூடலூர் வழியே போகட்டும். பந்திப்பூர் காட்டுக்குள் இரவு 9 முதல் காலை 6 வரை பாதை மூடியிருக்கும்.

வழியில் கார் நின்றுவிட்டால்? அப்போதுதான் இழுக்கும் விதி உங்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் மலையில் கேரவனால் இழுக்காதீர்கள். எஞ்சின் அணைந்த காரில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாய் இறுகிவிடும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் இறக்கத்தில் அதை அடக்க முடியாது. சக்கரத்துக்குக் கீழே கல் வைத்து, முக்கோணப் பலகையை வளைவுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு, ரெக்கவரி வண்டிக்குப் போன் போடுங்கள். ஆட்டோமேட்டிக் கார் என்றால் நான்கு சக்கரத்தையும் ஏற்றும் தட்டை மேடை வண்டிதான் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். கொக்கி மட்டும் உள்ள வண்டி வந்து நின்றால் அதைத் திருப்பி அனுப்பவும் வாடகை கொடுக்க வேண்டியிருக்கும்.