கமாவுக்கும் கமாவுக்கும் நடுவில்

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, எங்கள் பக்கத்துக் கமக்காரர் அமைப்பு ஒன்றுக்குச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். வரிக்கு நாலு விவரம்: ஊர், நெல்லினம், ஏக்கர், மூட்டை. இடையில் கமா. வரிகளைப் படித்து ஊர்வாரியாகக் கூட்டிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கிளிநொச்சியில் என்னிடம் உயர்தர ஐசிடி படிக்கும் பிள்ளை ஒருத்தி அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, "சேர், மூன்று ஏக்கர் செய்தவருக்கு நாற்பத்தைந்து ஏக்கர் காட்டுது" என்றாள்.

அவள் விரல் வைத்த வரி இது:

கனகராயன்குளம்,,3,45

விதைத்த நெல்லினத்தை அந்தக் கமக்காரர் சொல்லவில்லை. பதிந்தவர் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, அடுத்த கமாவைப் போட்டிருக்கிறார். அவர் செய்தது முற்றிலும் சரி. பிழை நான் வரியை வெட்டிய விதத்தில் இருந்தது.

கணினிக்கு ஊரும் தெரியாது, நெல்லும் தெரியாது. அந்த வரி அதற்கு ஒரு சரம், அதாவது வரிசையாக நிற்கும் எண்கள். கமாவும் ஓர் எண்தான், 44. எந்த எண்ணைக் கண்டால் வெட்ட வேண்டும், வெட்டியதில் எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். வெட்டிக் கிடைக்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு டோக்கன்.

வகுப்பில் இதைத் தொடங்கும்போது ஏ9 வீதியைத்தான் எடுப்பேன். வவுனியா-ஓமந்தை-புளியங்குளம்-கனகராயன்குளம்-மாங்குளம்-முறிகண்டி-கிளிநொச்சி என்று பலகையில் ஒரே வரியாக எழுதி, எத்தனை கோடு, எத்தனை ஊர் என்று கேட்பேன். கோடு 6, ஊர் 7. பிரிப்பான் எத்தனையோ, அதைவிட ஒன்று கூடுதலாகத் துண்டு கிடைக்கும். என் புரோகிராம் மீறியது இந்தக் கணக்கைத்தான். கனகராயன்குளம் வரியில் கமா 3 இருக்கிறது, துண்டு 4 வந்திருக்க வேண்டும். வந்தது 3.

நான் எழுதியது சி மொழியில். அதில் சரத்தை வெட்ட ஸ்டர்டோக் என்று ஒரு பழைய ஃபங்ஷன் உண்டு. அது வேலை செய்யும் விதத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். சரத்தின் தொடக்கத்தில் நின்று, பிரிப்பான் அல்லாத முதல் எழுத்தைத் தேடும். அங்கிருந்து அடுத்த கமா வரை நடக்கும். கமாவைக் கண்டதும் அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் சுழியத்தை எழுதும். சி மொழியில் சுழியம் வந்தால் சரம் அங்கே முடிந்தது என்று பொருள். அப்புறம் தான் நின்ற இடத்தைத் தனக்குள் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அழைக்கும்போது அங்கிருந்து தொடரும்.

புதிதாக ஒரு துண்டையும் அது பிரதி எடுப்பதில்லை. இருக்கும் சரத்துக்குள்ளேயே வரப்புக் கட்டிவிட்டு, ஒவ்வொரு பாத்தியும் எங்கே தொடங்குகிறது என்று மட்டும் சொல்கிறது. நினைவகம் அரிதாக இருந்த காலத்துக்கு அது நல்ல வழி. ஆனால் வெட்டி முடித்த பிறகு முழு வரியையும் அச்சிட்டுப் பார்த்தால் முதல் துண்டு மட்டும்தான் வரும், மூல வரி போய்விட்டது. நின்ற இடத்தை அது ஒரேயொரு குறிப்பாக வைத்திருப்பதால், ஒரு வரியை வெட்டிக்கொண்டிருக்கும்போதே நடுவில் இன்னொரு வரியை வெட்டப் போனால் முதல் வரியில் எங்கே நின்றது என்பதை மறந்துவிடும்.

என்னை மாட்டிவிட்டது அதன் முதல் அடி. பிரிப்பான் அல்லாத எழுத்தைத் தேடுகிறது என்றேன் அல்லவா? இரண்டு கமா ஒட்டி நின்றால் இரண்டாவதையும் சேர்த்துத் தாண்டிவிடும். நடுவில் இருந்த வெறுமை அதற்குப் பதர், தூற்றி விட்டுவிடும். அதனால் 3 ஏக்கர் நெல்லினத்தின் இடத்துக்கு நகர்ந்தது, 45 மூட்டை ஏக்கரின் இடத்துக்கு வந்தது, மூட்டையின் இடத்தில் எதுவும் இல்லை. புரோகிராம் பிழை என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. இந்த வகைப் பிழைக்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். நின்றுபோகும் புரோகிராமைத் திருத்திவிடலாம். நிற்காமல் ஓடித் தவறான கூட்டுத்தொகையைத் தருவதை எத்தனை பேர் நம்பி எடுத்துப் போவார்கள்?

அதே வரியைப் பைத்தன் என்ற இன்னொரு புரோகிராம் மொழியில் ஸ்பிளிட் கட்டளைக்குக் கொடுத்து, கமாவில் வெட்டு என்றால் 4 துண்டு வரும். இரண்டாவது துண்டு நீளம் 0 கொண்ட வெற்றுச் சரம். இனம் தெரியாது என்பதும் ஒரு விவரம், அது தன் இடத்திலேயே இருக்கிறது. ஆனால் அதே ஸ்பிளிட்டுக்குப் பிரிப்பான் எதையும் சொல்லாமல் விட்டால் நடத்தை மாறும். அப்போது அது இடைவெளிகளில் வெட்டும், ஐந்தாறு இடைவெளி சேர்ந்து வந்தாலும் ஒன்றாகவே எடுக்கும், முன்னும் பின்னும் உள்ளதைக் கழித்துவிடும். ஆள் ஸ்பேஸ் பாரை இரண்டு தரம் தட்டியதற்குப் பொருள் இல்லை, கமாவை இரண்டு தரம் தட்டியதற்குப் பொருள் உண்டு. இந்த வேறுபாட்டை மொழிக்குள்ளேயே வைத்தவர்கள் நன்றாக யோசித்திருக்கிறார்கள். ஜாவா மொழியின் ஸ்பிளிட் நடுவில் உள்ள வெறுமையை வைத்துக்கொள்ளும், ஆனால் வரியின் கடைசியில் உள்ளவற்றைக் கழித்துவிடும். மூட்டைக் கணக்கு இன்னும் வராத வரி ஒரு துண்டு குறைந்து நிற்கும். கட்டளைக்குப் பிரிப்பானோடு இரண்டாவதாக -1 கொடுத்தால் அதையும் வைத்துக்கொள்ளும்.

சரி, விவரத்துக்குள்ளேயே கமா வந்தால்? முகவரி "ஏ9 வீதி, மாங்குளம்" என்று இருந்தால் வெறும் வெட்டு உதவாது. அதற்கு மேற்கோள் குறி போடுவார்கள். இனி புரோகிராம் ஒவ்வோர் எழுத்தாகப் படித்து, தான் குறிக்கு உள்ளே நிற்கிறதா வெளியே நிற்கிறதா என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். வெளியே நின்றால் கமா ஒரு வெட்டு. உள்ளே நின்றால் அதுவும் ஓர் எழுத்து.

பைத்தன் புரோகிராமும் முதலில் ஒரு சரம்தான். ஓடுவதற்கு முன் அதையும் டோக்கன்களாக வெட்டுகிறார்கள். ஏக்கர்>=2 என்று எழுதினால் நடுவில் இடைவெளி எதுவும் இல்லை, ஆனாலும் 3 டோக்கன் கிடைக்கும். > வந்ததும் நிறுத்தாமல், அடுத்ததையும் சேர்த்தால் இன்னும் நீளமான டோக்கன் ஆகுமா என்று பார்ப்பது விதி. அதனால் >= ஒன்றாக நிற்கிறது. வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியைப் பைத்தன் தூக்கி எறிவதில்லை. உள்ளே தள்ளியதற்கு ஒரு டோக்கன், வெளியே வந்ததற்கு ஒரு டோக்கன் என்று கணக்கு வைக்கிறது.

புரோகிராமைப் பைத்தனுக்கு மாற்றி எழுதிய பிறகு ஏக்கர் கணக்குச் சரியாக வந்தது. ஆனால் ஊர்ப் பட்டியலில் கிளிநொச்சி இரண்டு தரம் வந்தது, இரண்டுக்கும் வேறு வேறு கூட்டுத்தொகை. எழுத்துக்கூட்டல் பிழை இல்லை, பின்னால் இடைவெளியும் இல்லை. அந்தப் பிள்ளை ஒவ்வொன்றின் நீளத்தையும் கேட்டுப் பார்த்தாள். ஒன்று 10, மற்றது 11.

நமக்குக் கிளிநொச்சி 5 எழுத்து: கி, ளி, நொ, ச், சி. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோட் அதை அப்படி வைத்திருப்பதில்லை. க ஒரு குறியீடு, அதன் மேல் ஏறும் இகரக் குறி இன்னொன்று. புள்ளியும் தனிக் குறியீடு. அப்படி எண்ணினால் 10. யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் (0 முதல் 255 வரை ஓர் எண் கொள்ளும் நினைவக இடம் ஒரு பைட்), ஆக 30 பைட். (1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் இந்த முறையை வடிவமைத்தபோது, பல பைட் சேர்ந்த எழுத்தின் எந்தப் பைட்டும் 128க்குக் குறையாதபடி அமைத்தார்கள். அதனால் தமிழ் எழுத்துக்குள் 44 ஒளிந்திருக்க வழியே இல்லை. எனது பழைய சி புரோகிராம் கமாவில் வெட்டும்போது ஒரு தமிழ் எழுத்தையும் உடைக்காததற்குக் காரணம் அதுதான்.)

11 எப்படி வந்தது? நொ என்ற எழுத்தில். ஒகரக் குறிக்கென்று ஒரே குறியீடும் உண்டு, ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே வடிவம். பட்டியலில் பாதியைக் கைபேசியில் தட்டினார்கள், மீதி பழைய பாமினி எழுத்துருவில் இருந்ததை யூனிகோடுக்கு மாற்றியது. பாமினியில் கொம்பையும் காலையும் தனித்தனியாகத்தான் தட்டுவோம். நாங்கள் பயன்படுத்திய மாற்றி அவற்றைச் சேர்க்காமல் அப்படியே விட்டிருந்தது. ஒரே ஊர் என்று கண் சொல்லும், ஒப்பிட்டுப் பார்க்கும் கணினி இல்லை என்று சொல்லும். வெட்டுவதற்கு முன்பு எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். யூனிகோட் இதற்கென்றே என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தை வரையறுத்திருக்கிறது. பைத்தனில் ஒரு வரி போதும். போட்டதும் இரண்டு கிளிநொச்சியும் ஒன்றாகின.

பிள்ளை அதோடு விடவில்லை. கமா இல்லாமல் எழுதிய குறிப்புகளிலிருந்து சொற்களைப் பிரிக்க, பைத்தனின் ஆர்ஈ என்ற நூலகத்தில் சொல்லெழுத்துக்கான குறியைக் கொடுத்துப் பார்த்தாள். கிளிநொச்சியிலிருந்து க, ள, ந, ச, ச என்று 5 துண்டு வந்தது. இகரம், ஒகரம், புள்ளி எதுவும் இல்லை. அந்த நூலகம் எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லின் பகுதியாக ஏற்கிறது. நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் எழுத்து என்ற வகையில் இல்லை, சேர்குறி என்ற வகையில் இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு குறியும் ஒரு வெட்டாகிவிடுகிறது.

இதில் எனக்கு மனம் ஆறாத ஒன்று உண்டு. 2008இல் வந்த பைத்தன் 3 முதல் கிளிநொச்சி என்று ஒரு மாறிக்கு, அதாவது புரோகிராமில் ஒரு மதிப்பை வைத்திருக்கும் இடத்துக்கு, பெயர் வைக்கலாம். மொழியின் சொந்த டோக்கன் பிரிப்பான் சேர்குறிகளைப் பெயரின் பகுதியாக ஏற்று, வடிவத்தையும் இயல்பாக்கிவிடும். 10 நீளத்தில் எழுதினாலும் 11 நீளத்தில் எழுதினாலும் அது ஒரே மாறி. அதே மொழியோடு வரும் நூலகம் அதே பெயரைச் சிதைக்கிறது. சரியாகச் செய்யும் அறிவு அங்கேயே பக்கத்தில் இருக்கிறது, இங்கே வந்து சேரவில்லை.

தமிழை எழுத்தெழுத்தாகப் பிரிக்க, ரெஜெக்ஸ் என்று தனியாக நிறுவும் நூலகத்தை எடுத்தோம். அடி எழுத்தையும் அதன் மேல் ஏறிய குறிகளையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் குறி ஒன்று அதில் இருக்கிறது. பிள்ளை அதைப் போட்டு ஓட்டினாள். திரையில் வரிக்கு ஒன்றாக வந்தது: கி, ளி, நொ, ச், சி.