"அப்பா என்ன பண்றாங்க?" என்ற கேள்வியை இனி யார் கேட்காமல் இருப்பது?

கோவைப் பக்கம் உள்ள ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவர்கள், முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு மாதிரி நேர்காணல் நடத்துவது வழக்கம். நான் பத்தொன்பது வருஷமாக மனிதவளத் துறையில் இருப்பதால், ஓரமாக உட்கார்ந்து பார்த்துக் கருத்துச் சொல்ல என்னையும் கூப்பிடுவார்கள். போன முறை மேசைக்குப் பின்னால் மூன்று மாணவர்கள், எதிரே ஒரு பெண். அவள் தன்னைப் பற்றிச் சொல்லி முடித்ததும் நடுவில் இருந்தவர் முதல் கேள்வி கேட்டார்: "அப்பா என்ன பண்றாங்க?"

அவள் ஒரு நொடி தயங்கினாள். "பிசினஸ், சார்."

"என்ன பிசினஸ்?"

"டெக்ஸ்டைல் சம்பந்தமா..." என்று இழுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் குரல் எழும்பவே இல்லை. அடுத்து வந்த சந்தைப்படுத்தல் கேள்விகள் அவள் வகுப்பில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். அதற்கும் பாதிப் பதில்தான் வந்தது. மதிய இடைவேளையில் கேன்டீனில் அவளோடு உட்கார்ந்தேன். அப்பா இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். இரண்டு அபார்ட்மென்ட் வாசல்களில் மாறி மாறி நிற்கும் அந்த வண்டிதான் அவளை இந்தக் கல்லூரி வரைக்கும் கொண்டுவந்திருக்கிறது. வீட்டில் முதல் பட்டதாரி. "சொன்னா என்ன நினைப்பாங்களோன்னு இருந்துச்சு மேடம்" என்றாள். இஸ்திரி என்று சொன்னால் தொழிலோடு சேர்த்துச் சாதியையும் எடுத்துக்கொள்வார்கள் என்பது இருபத்திரண்டு வயதில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கேள்வி கேட்ட மாணவர் யாரையும் புண்படுத்த நினைப்பவர் இல்லை. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். சீனியர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கேள்வித் தொகுப்பில் இருந்ததாம். "கம்பெனில இதைத்தான் முதல்ல கேக்கறாங்க மேடம்" என்றார். அவர் சொன்னது உண்மை. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறேழு வருஷம் நானும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். எதிரில் இருப்பவரின் பதற்றத்தைக் குறைக்கத்தான் கேட்கிறோம் என்று நம்பினேன். அப்பா வங்கி மேலாளர் என்று சொல்ல முடிகிறவருக்குப் பதற்றம் குறைந்தது. மற்றவர்களுக்கு அந்த இடத்தில்தான் தொடங்கியது. அப்படி என் முன்னால் வாடிப்போன முகங்களை வைத்து "கான்ஃபிடன்ஸ் போதாது" என்று தாளில் எழுதியிருக்கிறேன். அந்தத் தாள்களை இப்போது திருத்த முடியாது.

இந்தக் கேள்வியைப் பற்றி ஆய்வே இருக்கிறது. சமூகவியலாளர்கள் சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமேன் இருவரும் பெரிய நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகளிடம் பேசி 2007ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தகுதியை மட்டுமே பார்க்கிறோம் என்று சொன்ன அதே அதிகாரிகள், குடும்பப் பின்னணி முக்கியம் என்றும் சொன்னார்கள். இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. அதே ஆண்டு ஆய்வாளர்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வேறு வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், நேர்காணலுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு தலித் பெயருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகவும் முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. மேலே போனால் நிலைமை இன்னும் மோசம். இந்தியாவின் முன்னணி 1,000 நிறுவனங்களின் இயக்குநர்களை ஆராய்ந்து 2012ல் வந்த கட்டுரைப்படி, அவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் முன்னேறிய சாதியினர்.

வகுப்பில் இதைச் சொன்னால் உடனே ஒரு கை உயரும். "நம்ம ஊர்ல பேருக்குப் பின்னாடி சாதி போடறதில்லையே மேடம், இங்க எப்படித் தெரியும்?" நியாயமான கேள்விதான். பெயர் சொல்லாததால்தான் நம் ஊரில் மற்ற கேள்விகள் வளர்ந்திருக்கின்றன என்பது என் அனுபவம். சொந்த ஊர் எது, ஊருக்குள்ளேயா வெளியிலேயா, குலதெய்வம் எங்கே, வீட்டில் அசைவம் உண்டா. தேநீர் நேரத்தில் சிரித்த முகத்தோடு கேட்கப்படும் கேள்விகள் இவை. ஒரு மேலாளர் நான்கு கேள்விகளில் வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிடுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

பன்முகத்தன்மை, சமத்துவம், அனைவரையும் உள்ளடக்குதல் என்று மேலாண்மைக் கல்லூரிகளில் இப்போது நிறையப் பேசுகிறார்கள். மகளிர் தினத்துக்கு ஊதா நிறப் பலூன் கட்டுகிறார்கள், சுவரொட்டிப் போட்டி வைக்கிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நாளைய மேலாளர்கள் எதையெல்லாம் பழகிக்கொள்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமென்றால், மாணவர்கள் கையில் இன்றைக்கே அதிகாரம் இருக்கும் இடங்களைத்தான் பார்க்க வேண்டும். மாதிரி நேர்காணல் அப்படி ஓர் இடம். வேலைக்கு ஆளெடுக்க வரும் நிறுவனங்களோடு பேசும் மாணவர்களின் வேலைவாய்ப்புக் குழு இன்னொன்று. ப்ராஜெக்டுக்கு யார் யாரோடு சேர்வது என்று முடிவாகும் அந்தப் பத்து நிமிஷம் மூன்றாவது.

ப்ராஜெக்ட் குழுவைச் சொல்கிறேன். ஆறு பேர் குழுவில் ஸ்லைடு செய்வது, குறிப்பெடுப்பது, எல்லோருக்கும் நினைவூட்டுவது ஆகிய வேலைகள் பெரும்பாலும் பெண்களிடம் போகின்றன. மேடையேறி நிதிக் கணக்கைச் சொல்வது ஆண்களிடம். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. "அவளுக்குக் கையெழுத்து நல்லாருக்கும்" என்று தொடங்கும். ஐந்து வருஷம் கழித்து அலுவலகத்தில் அதே பெண்தான் மீட்டிங் மினிட்ஸ் எழுதிக்கொண்டிருப்பாள், வாடிக்கையாளரிடம் பேச வேறொருவர் போவார். பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது "கிளையன்ட் எக்ஸ்போஷர் இல்லை" என்பார்கள். இந்த வரியை நான் எத்தனையோ மதிப்பீட்டுப் படிவங்களில் படித்துவிட்டேன்.

குழு விவாதம் இதைவிடக் கொடுமை. எட்டு நாற்காலி, பதினைந்து நிமிஷம், முதலில் வாய் திறக்கிறவருக்கு மதிப்பெண். ஆங்கிலம் வீட்டிலேயே புழங்கியவர்கள் முதல் நான்கு நிமிஷத்தை எடுத்துக்கொள்வார்கள். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்த ஒரு பையன் நோட்டில் தமிழில் ஐந்து குறிப்பு எழுதி வைத்துக்கொண்டு, அதை மனத்துக்குள் மொழிபெயர்த்து வாயைத் திறப்பதற்குள் விவாதம் அடுத்த தலைப்புக்குப் போயிருக்கும். அவன் நோட்டை வாங்கிப் பார்த்தேன். திருப்பூர் பின்னலாடை யூனிட்டுகளில் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது, எங்கே ஆள் விட்டுப் போகிறார்கள் என்று எழுதியிருந்தான். அந்த அறையில் யாரும் சொல்லாத விஷயம்.

அந்தக் கல்லூரி மாணவர்களே பிறகு விதியை மாற்றினார்கள். தலைப்பு கொடுத்ததும் மூன்று நிமிஷம் எல்லோரும் எழுத வேண்டும், எந்த மொழியிலும் எழுதலாம். அடுத்து ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிஷம், யாரும் குறுக்கிடக் கூடாது. அதன் பின்தான் திறந்த விவாதம். நிறுவனங்கள் நடத்தும் உண்மையான குழு விவாதம் அப்படி இருக்காதே என்று சிலர் ஆட்சேபித்தார்கள். இருக்காதுதான். ஆனால் அந்தப் பையனுக்குத் தன் கருத்துக்கு அறையில் இடம் உண்டு என்பது முதலில் இங்கேதான் தெரிந்தது. இன்னொரு பக்கம், சரளமாகப் பேசுகிறவர்களுக்குக் காதுகொடுத்துக் கேட்கும் பழக்கம் வந்தது. மேலாளர் ஆகப்போகிறவர்களுக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய லாபம் என்பேன்.

வேலைவாய்ப்புக் குழுவில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிறுவனங்கள் அனுப்பும் தகுதிப் பட்டியலில் "பத்தாம் வகுப்பிலிருந்து தொடர்ந்து 60 சதவீதம், படிப்பில் இடைவெளி கூடாது, அரியர் வரலாறு கூடாது" என்று ஒரு வரி வரும். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஒரு வருஷம் வீட்டில் இருந்தவர், கட்டணம் கட்ட ஒரு வருஷம் துணிக்கடையில் நின்றவர் எல்லோரும் அந்த வரியில் விழுந்துவிடுவார்கள். நீங்கள் அந்தப் பட்டியலை அப்படியே அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். "இடைவெளிக்குக் காரணம் சொன்னால் ஏற்பீர்களா?" என்று ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நான் நிறுவனத்தின் பக்கம் இருந்தவள் என்பதால் சொல்கிறேன்: இப்படிக் கேட்டுக் கடிதம் வந்தபோது அந்த விதியை யார், எதற்குப் போட்டார்கள் என்று எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லை. எடுத்துவிட்டோம்.

மாற்றுத்திறனாளி மாணவர்கள் விஷயத்திலும் இதே ஒரு மின்னஞ்சல் நிறைய வேலை செய்யும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சம வாய்ப்புக் கொள்கையை வெளியிடும் கடமை தனியார் நிறுவனங்களுக்கும் உண்டு. எழுத்துத் தேர்வுகளில் மணிக்கு 20 நிமிஷமாவது கூடுதல் நேரம் தர வேண்டும் என்று 2018ல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. கல்லூரித் தேர்வில் அந்த நேரத்தை வாங்கிய மாணவருக்கு, நிறுவனத்தின் ஆன்லைன் திறனறித் தேர்வில் கடிகாரம் எல்லோருக்கும் ஓடுவது போலவே ஓடும். முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். கேட்பதற்கு ஆள் வேண்டும். பார்வைக் குறைபாடுள்ள மாணவர் தானே போய்க் கேட்டால் முதல் நாளே தன்னைத் தனியாக நிறுத்திக்கொண்டது போல ஆகும். குழுவின் பெயரில் போனால் அது வழக்கமான ஏற்பாடு.

நிறுவனங்கள் தங்களைப் பற்றிச் சொல்ல வரும் நாளில் மாணவர்கள் சம்பளத்தையும் பணியிடத்தையும் மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும், அதில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். வெளி உறுப்பினர் யார் என்று கேளுங்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பக வசதி வேண்டும் என்ற விதியை 2017ஆம் ஆண்டு மகப்பேறு திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதைப் பற்றி ஆண் மாணவர்களும் கேட்க வேண்டும். பெண்கள் மட்டும் கேட்டால் "இவங்க சீக்கிரம் லீவு போடுவாங்க" என்று மனத்துக்குள் குறித்துக்கொள்ளும் அதிகாரிகள் இன்னும் இருக்கிறார்கள். "கல்யாணம் எப்போ?" என்ற கேள்வி வருவதும் 26 வார மகப்பேறு விடுப்பை மனத்தில் வைத்துத்தான்.

மாதிரி நேர்காணலுக்கு வருகிறேன். அன்று மாலை அந்த மூன்று மாணவர்களும் நானும் உட்கார்ந்து கேள்வித் தாளை வரி வரியாகப் பார்த்தோம். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், இந்தப் பதில் வேலையின் எந்தப் பகுதிக்கு உதவும் என்று எழுத வேண்டும். எழுத முடியாதது வெளியே. எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசையில். மூவரும் தங்களுக்குள் பேசும் முன்பே தனித்தனியாக மதிப்பெண் போட்டுவிட வேண்டும். இப்படி ஒழுங்குபடுத்திய நேர்காணல், போகிற போக்கில் பேசுகிற நேர்காணலைவிட நல்ல ஆளைக் கண்டுபிடிக்கிறது என்பது பணியிட உளவியலில் பல பத்தாண்டுகளாக நிலைத்த முடிவு. ஆகவே இதை யாருக்கோ காட்டும் சலுகை என்று நினைக்க வேண்டாம்.

அப்பாவும் கல்யாணமும் சீக்கிரமே வெளியே போய்விட்டன. "சொந்த ஊர் எது?" என்பதில்தான் நீண்ட வாக்குவாதம். பணியிடம் முடிவு செய்ய அது தேவை என்றார், அப்பாவைப் பற்றிக் கேட்ட அந்த மாணவர். அரை மணி நேரம் பேசிய பிறகு அவரே அதை அடித்துவிட்டு, "எந்தெந்த ஊர்களில் உங்களால் வேலை பார்க்க முடியும்?" என்று எழுதினார். பிறகு என்னிடம் தாளைக் கொடுக்காமல் நேராக அந்தப் பெண்ணைத் தேடிப்போய், "நாளைக்கு இன்னொரு தடவை வரீங்களா?" என்று கேட்டார்.