பிள்ளை பள்ளிக்கூடத்தால நிற்கப் போகுதா? கையெழுத்து வைக்கமுதல் இதைப் படியுங்கள்

இலங்கையில் 5 வயதிலிருந்து 16 வயது வரை பிள்ளை கட்டாயம் பள்ளிக்கூடம் போகவேண்டும். முன்பு 14 ஆக இருந்ததை 2016 வர்த்தமானியில் 16 ஆக்கினார்கள். "14 முடிந்துதுதானே" என்று யாரும் சொன்னால் அதை நம்பித் திரும்பி வராதீர்கள். சட்டக்கதை இவ்வளவு போதும்.

ஆட்கள் மாட்டுப்படுவது, பள்ளிக்கூடத்தால விலகும்போது தரும் விடுகைப் பத்திரத்தில். தரம் 10, 11 இல் வரவும் புள்ளியும் குறைந்த பிள்ளையின் தாய் தகப்பனைக் கூப்பிட்டு, "நீங்களாகவே எடுக்கிறதாக ஒரு கடிதம் தாங்கோ" என்று கேட்கும் இடங்கள் உண்டு. பள்ளிக்கூடத்தின் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு அழகாக இருக்கவேண்டுமாம். அந்தக் கடிதம் கோப்பில் ஏறினால், அவர்கள் அனுப்பவில்லை, நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போனீர்கள் என்றாகிவிடும். பிறகு மேலே முறையிடப் பிடி இல்லை. பிள்ளை தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தானே விண்ணப்பித்து, கட்டணமும் கட்டவேண்டி வரும். பாடசாலைப் பரீட்சார்த்திக்கு அந்தச் செலவு இல்லை. உண்மையிலேயே வேறு பள்ளிக்கூடம் மாற்றுவதென்றாலும், அங்கே இடம் தருவதாக எழுத்தில் வாங்கியபிறகே விடுகைப் பத்திரம் கேளுங்கள்.

அதிபர் கோட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போகச் சொல்வார், கோட்டம் வலயக் கல்வி அலுவலகத்துக்கு, வலயம் திரும்ப அதிபரிடம். இந்தச் சுற்றில் வாய்ப்பேச்சுக்கு ஒரு பெறுமதியும் இல்லை. ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, சேர்விலக்கம், கடைசியாகப் போன நாள், யார் எந்தத் திகதியில் என்ன சொன்னார். முடிவில், "வகுப்பில் இருத்துங்கள், முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்." அதிபருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியை வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் போடுங்கள். தபால் பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள்.

யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று யாழ் மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயம். வீடு வலிகாமத்துச் சுன்னாகத்தில் இருந்தாலும் பள்ளிக்கூடம் யாழ் நகரில் என்றால் யாழ்ப்பாண வலயத்துக்கே போகவேண்டும். இது தெரியாமல் அலைகிற சனம் கனபேர்.

பதில் இல்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வலய அலுவலகத் தகவல் அதிகாரியிடம், "என் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். உறங்கிக்கிடக்கும் கோப்பு பெரும்பாலும் இதற்குத்தான் எழும்பும். கிராம அலுவலர் பிரிவில் பாடசாலை வரவுக் குழு என்று ஒன்றும் இருக்கவேண்டும். அது கூடும்வரை காத்திருந்தால் தவணை முடிந்துவிடும்.

வசதிக் கட்டணமோ அபிவிருத்திச் சங்கப் பணமோ நிலுவை என்று பரீட்சை அனுமதி அட்டையைப் பிடித்துவைக்க எவருக்கும் அதிகாரம் இல்லை. கேட்டால் பரீட்சைத் திணைக்களத்துக்கு எழுதுவதாகச் சொல்லுங்கள். தேசிய அடையாள அட்டையைப் பிள்ளைக்கு 15 வயது ஆனதும் அதிபர் மூலம் விண்ணப்பியுங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாவிட்டால் அந்த வேலையைத் தரம் 9 இலேயே பிரதேச செயலகத்தில் தொடங்குங்கள். காலங்கடந்த பதிவு ஒரு வாரத்தில் முடிகிற அலுவல் இல்லை.

பிள்ளை கடைக்கோ கடலுக்கோ சம்பளத்துக்குப் போகத் தொடங்கியிருந்தால், 2021 முதல் 16 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பதே குற்றம். மாமாவின் கடை என்றாலும் முதலாளி முதலாளிதான். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அழைக்கலாம்.

சாதாரண தரம் சறுக்கினால் எல்லாம் முடிந்தது என்று பிள்ளையை வீட்டில் இருத்தாதீர்கள். 13 வருடக் கல்வித் திட்டத்தின் தொழிற்பாடத் துறைக்குச் சித்தி கேட்பதில்லை, பரீட்சைக்குத் தோற்றியிருக்கவேண்டும். அதனால் பெயிலாகும் என்று தெரிந்தாலும் பரீட்சை மண்டபத்துக்கு அனுப்புங்கள். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இந்தத் துறை இல்லை, ஆகவே எங்கே உண்டு என்பதை வலயத்தில் கேளுங்கள். போகிற பள்ளிக்கூடத்தில் நீங்கள் விரும்பும் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்றும் விசாரித்தபிறகே படிவம் நிரப்புங்கள்.