சூழல் புவியியலர்

‘என்விரான்மென்டல் ஜியாகிரபர்’ ஒருவர் பேச வருகிறார் என்றால், எங்கள் பக்கத்து அழைப்பிதழில் அது ‘சுற்றுச்சூழல் புவியியல் வல்லுநர்’ என்று அச்சாகும். காரைக்குடியில் அப்படி ஒரு கூட்டம் முடிந்ததும் ஆச்சி ஒருவர் பேசியவரிடம் போய், “தம்பி, எங்க வளவுக் கிணத்துல தண்ணி வத்திப்போச்சு. எந்த மூலையில போர் போட்டா ஊறும்?” என்று கேட்டார். ஆச்சியைக் குறை சொல்ல முடியாது. ‘புவியியல் மற்றும் சுரங்கத் துறை’ என்று அரசுத் துறையே ஒன்று இருந்தது. அங்கே புவியியல் என்றால் ஜியாலஜி. பள்ளிப் பாடநூலில் அதே சொல் ஜியாகிரபி.

முதலில் இதைப் பிரித்துவிடலாம். பாறை, கனிமம், நிலத்தடி அடுக்கு ஆகியவற்றைப் படிப்பது ஜியாலஜி. அதற்கு நிலவியல் என்ற சொல் இருக்கிறது. இடத்தையும் அங்கே வாழும் மனிதரையும் சேர்த்துப் படிப்பது ஜியாகிரபி; அதற்குப் புவியியல் போதும். ஜியாகிரபி கிரேக்கச் சொல். கே என்றால் புவி, கிராஃபைன் என்றால் எழுதுதல். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்துக்குத் தலைவராக இருந்த எரடோஸ்தீனஸ் இப்பெயரை வழங்கினார். தமிழில் வெகுகாலம் ‘பூகோளம்’ என்றோம்; வடமொழியில் அதற்குப் பூமி உருண்டை என்பதே பொருள். படிக்கப்படும் பொருளின் பெயர் படிப்பின் பெயராக நின்றுவிட்டது. ‘இயல்’ சேர்ந்த பிறகுதான் அது ஒரு துறையின் பெயர் போல ஒலிக்கிறது. புவியும் வடமொழி வழி வந்ததுதான், ஆனால் நன்றாக ஊறிவிட்டது. அதை மாற்ற வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ‘என்விரான்மென்ட்’. சுற்றிலும் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நம்மிடம் ‘சூழ்’ என்ற வினை இருக்கிறது, அதிலிருந்து சூழல். ‘சுற்றுச்சூழல்’ என்பதில் சுற்றுவதும் சூழ்வதும் ஒன்றேதான். ஒரு பொருளுக்கு இரண்டு சொல். பொது வழக்கில் அது நிலைத்துவிட்டது, சரி. துறைப் பெயரில் ‘சூழல்’ ஒன்றே போதும். இலங்கைத் தமிழர் ‘சுற்றாடல்’ என்பார்கள், அதுவும் நல்ல சொல். சூழ்தலுக்கு எண்ணி ஆராய்தல் என்ற பொருளும் உண்டு. குறளில் ‘சூழ்ச்சி’ என்பது ஆலோசனை. சதி என்ற பொருள் பிறகு ஏறியது.

ஆக, ஆள் ‘சூழல் புவியியலர்’. துறை ‘சூழல் புவியியல்’. ‘புவியியலாளர்’ என்றாலும் பிழையில்லை. ‘சூழலியலர்’ வேறு ஆள். 1866இல் ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் பெயரிட்ட ஈகாலஜிக்காரர், உயிர்களுக்கும் அவற்றின் சூழலுக்கும் உள்ள உறவைப் பார்ப்பவர். சூழல் புவியியலர் அந்த உறவுக்குள் மனிதனையும் அவன் ஊரையும் வைத்துப் பார்க்கிறார்.

1800இல் ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் வெனிசுவேலாவில் வலென்சியா ஏரிக்குப் போனார். நீர்மட்டம் இறங்கிக்கொண்டே இருந்தது. அடியில் ஏதோ வழி திறந்து தண்ணீர் போகிறது என்று ஊர்க்காரர்கள் நினைத்தார்கள். ஹம்போல்ட் சுற்றிப் பார்த்துவிட்டு, காட்டை வெட்டியதும் ஓடைகளைப் பாசனத்துக்குத் திருப்பியதுமே காரணம் என்றார். இந்தத் துறையின் கேள்வி முழுதும் அதில் இருக்கிறது.

அந்தக் கேள்வியை அப்படியே எங்கள் பக்கத்து ஊருணி ஒன்றுக்கு, அதாவது ஊரார் குடிநீர் எடுக்கும் குளத்துக்கு, கொண்டு வரலாம். செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. செம்புறாங்கல் படிந்த செம்மண் மேடு, ஐப்பசி கார்த்திகை மழை, அவ்வளவுதான் முதல். பொட்டலில் விழும் மழை வரத்துக்கால் வழியே ஊருணிக்கு வரும். நிறைந்து வழிந்தது பாசன ஏரியான கண்மாய்க்குப் போகும். மழை குறையாத வருடத்திலும் ஊருணி நிறையவில்லை என்றால் மழைமானி பதில் சொல்லாது. செயற்கைக்கோள் படத்தில் ஊருணிக்குள் பச்சையாகத் தெரியும். நடந்து போய்ப் பார்த்தால்தான் அது சீமைக்கருவேல மரம் என்று தெரியும். அப்படியே மேலே நடந்தால் வரத்துக்காலுக்குக் குறுக்கே உயர்த்திப் போட்ட சாலை, அதன் அடியில் மண் மூடிய சிறு குழாய், அதைத் தாண்டி மனைக்கல் நட்ட பொட்டல். வரத்துக்காலைத் தூர்வாருவது யார் பொறுப்பு? வீடுகளைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்களா, ஊராட்சியா, யாருமே இல்லையா? தண்ணீர்க் கணக்கும் இந்தக் கேள்வியும் ஒரே ஆய்வேட்டில் வருவதுதான் இந்தத் துறையின் தனிச்சிறப்பு. இதற்காகவே இளைஞர்கள் இதைப் படிக்க வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

படிப்பு வழி நேரானது. புவியியலில் இளங்கலை அல்லது இளம் அறிவியல், முதுநிலை, முனைவர் பட்டம், பிறகு உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர். நிலவியலிலிருந்தும் சூழல் அறிவியலிலிருந்தும் வந்து சேருகிறவர்கள் உண்டு. இத்துறையினரின் தன்குறிப்பில் ‘ரிசர்ச் இன்ட்ரஸ்ட்ஸ்’ என்ற தலைப்பு இருக்கும். ‘ஆராய்ச்சி ஆர்வங்கள்’ என்று எழுதினால் பொழுதுபோக்குப் பட்டியல் மாதிரி படுகிறது. ‘ஆய்வுக் களங்கள்’ என்பது என் தேர்வு. அதன் கீழே வருபவற்றில் ‘லேண்ட் யூஸ்’ நிலப்பயன்பாடு, ‘ரிமோட் சென்சிங்’ தொலையுணர்வு. இவை நிலைத்த சொற்கள். ‘கேட்ச்மென்ட் ஏரியா’வுக்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்பது பாடநூல் சொல். எங்கள் பக்கத்து விவசாயிகள் “கண்மாய்க்கு வரத்து எங்கிருந்து?” என்றுதான் கேட்பார்கள். அவர்கள் பேச்சில் வரத்து என்பது வரும் நீரையும் அது வரும் திசையையும் சேர்த்தே குறிக்கும். அதனால் பரப்பளவு சொல்லும் இடத்தில் நீர்ப்பிடிப்புப் பகுதி, வரும் நீரின் அளவுக்கு வரத்து, அது வரும் வழிக்கு வரத்துக்கால் என்று மூன்றாகப் பிரித்து எழுதினால் ஆய்வேட்டிலும் குழப்பம் வராது, ஊர்க்காரருக்கும் புரியும்.