நாவல் பழத்தின் ஊதா உடலுக்குள் என்ன ஆகிறது?

நாவல் பழம் தின்றதும் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் ஊதா நிறம், பொடி டப்பாக்களில் அச்சிட்டிருப்பதுபோல் உயிரணுக்களையும் ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்குமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்நிறம் ஆந்தோசயனின் என்னும் நிறமிகளால் வருவது. சோதனைக் குழாயில் அவை, இணையற்ற எலக்ட்ரானோடு அலைந்து சேதம் விளைவிக்கும் மூலக்கூறுகளான தனி உறுப்புகளுக்கு (free radicals) எலக்ட்ரானைக் கொடுத்து அடக்கிவிடுகின்றன என்பது உண்மையே.

கறை படிந்த விரலில் காரத்தன்மையுள்ள சோப்பைத் தேய்த்துப் பாருங்கள்; ஊதா நீலமாகத் திரிந்து மங்கும். அமிலத்தில் நிலைத்து நிற்கும் இந்நிறமி, அமிலம் குறையக் குறையச் சிதைகிறது. ஆகவே இரைப்பையைத் தாண்டியபின் அதன் பெரும்பகுதி, குடல் நுண்ணுயிரிகளின் கைவரிசையும் சேர்ந்து, எளிய ஃபீனாலிக் அமிலங்களாகிவிடுகிறது. 2013இல் வெளியான ஆய்வொன்றில், உடலில் எங்கே போகிறதென்று தடம்பிடிக்க, கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பனால் அடையாளமிட்ட நிறமி 500 மில்லிகிராம் 8 ஆண்களுக்குக் கொடுக்கப்பட்டது. உடலில் சேர்ந்தது ஏறத்தாழ 12 சதவீதம், அதிலும் பெரும்பகுதி சிதைவுப் பொருள்களே. உயிரணுவுக்குள் அதன் சொந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பானான குளுட்டதையோன் மில்லிமோலார் அளவில் நிறைந்திருக்க, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோமோலாரை எட்டவே திணறும் நிறமி அதனுடன் போட்டியிட முடியாது.

அது வேலை செய்யும் வழியே வேறு. உயிரணு என்ஆர்எஃப்2 என்ற புரதத்தை ஓயாமல் தயாரிக்கிறது. தயாரான சில நிமிடங்களிலேயே கீப்1 என்ற மற்றொரு புரதம் அதைப் பிடித்து அழிப்புக்கு அனுப்பிவிடுகிறது. வீண்செலவாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டின் அழகு, ஆபத்து வரும்போது எதையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, அழிப்பை நிறுத்தினாலே போதும் என்பதுதான். 1999இல் மசயுகி யமமோட்டோவின் ஜப்பானியக் குழு விவரித்த கீப்1இல், எளிதில் வினைபுரியும் கந்தகம் தாங்கிய சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் உள்ளன. தானே ஆக்சிஜனேற்றமடைந்து, குயினோன் என்ற வினைபுரியத் துடிக்கும் பொருளாகிய நிறமித் துணுக்கொன்று அந்தக் கந்தகத்தில் ஒட்டினால், கீப்1 முடங்குகிறது. புதிதாகத் தயாராகும் என்ஆர்எஃப்2 அழியாமல் சேர்ந்து, உட்கருவுக்குள் புகுந்து, குளுட்டதையோனை உருவாக்கும் நொதிகள் உட்படப் பலவற்றின் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. நிறமி இங்கே காப்பாற்ற வந்த கேடயமன்று, உயிரணுவைச் சீண்டிவிடும் சிறு தொந்தரவு. துணுக்குகள் சில இருந்தாலும் நொதிகள் பல பிறப்பதால் அளவுக்குறைவு இங்கே பெரிய தடையன்று.

இவ்வளவும் தெளிவாகக் காணப்பட்டது பெரும்பாலும் வளர்ப்பு உயிரணுக்களிலும் விலங்குகளிலும்தான். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறனைச் சோதனைக் குழாயில் அளந்த எண்களை உணவுவாரியாக அடுக்கிய தன் பட்டியலை அமெரிக்க வேளாண் துறை 2012இலேயே விலக்கிக்கொண்டது. அதே வகை எண்களைக் காட்டி இன்னும் பொடி விற்பதை ஏமாற்று என்றே சொல்வேன். என்ஆர்எஃப்2 எந்நேரமும் விழித்திருப்பதும் நல்லதன்று: நுரையீரல் புற்றுநோய்கள் சிலவற்றில் கீப்1 மரபணு பழுதாகி, இந்தப் பாதுகாப்பு முழுவதையும் புற்றுக்கட்டியே அனுபவிக்கிறது.