காம்பினேஷன் என்பதற்குச் சேர்மானம்: பந்தய எஞ்சினை முன்வைத்து ஒரு சொல் விளக்கம்

நேரான குறுகிய தூரத்தை யார் விரைவில் கடப்பது என்று வண்டிகள் மோதும் அமெரிக்க டிராக் பந்தயங்களைப் பற்றித் தமிழில் வரும் காணொளிகளிலும் கட்டுரைகளிலும் ‘எஞ்சின் கலவை’ என்னும் தொடர் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. அண்மையில் ஒரு காணொளியில், இந்த வகுப்பில் ஓடுபவர்கள் தொழிற்சாலைக் கலவையை மாற்றக் கூடாது என்று ஒருவர் விளக்கினார். உடனிருந்த என் தம்பி மகன், “அப்படியென்றால் பெட்ரோலில் எதையும் கலக்கக் கூடாதா, பெரியப்பா?” என்று கேட்டான். அவன் புரிந்துகொண்டதில் பிழையில்லை. தமிழில் அந்த வாக்கியத்துக்கு அதுதான் பொருள். காம்பினேஷன் என்ற சொல்லைக் கலவை என்று பெயர்த்ததுதான் பிழை. அதற்குரிய சொல் சேர்மானம்.

காம்பினேஷன் இலத்தீன் வழி வந்தது. அதன் நடுவில் இருப்பது ‘இரண்டிரண்டாக’ என்று பொருள்படும் பினி என்னும் சொல். ஆகவே இணை இணையாகச் சேர்த்தல் என்பது முதற்பொருள். கரைப்பதும் குழைப்பதும் அதில் இல்லை. சேர்மானம் என்பது சேர் என்னும் வினையடியில் பிறந்தது. வருமானம், கட்டுமானம், தேய்மானம், பிடிமானம் ஆகியவற்றின் வரிசையில் நிற்பது.

வகுப்புப் பந்தயத்தில் இச்சொல் எதைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டும். 1951இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் தேசிய ஹாட் ராட் சங்கம், தொழிற்சாலையில் செய்து விற்ற வண்டிகளுக்கான ஸ்டாக், சூப்பர் ஸ்டாக் என்னும் பிரிவுகளில் வண்டிகளை எடைக்கும் குதிரைத்திறனுக்கும் உள்ள விகிதத்தால் வகுப்புகளாகப் பிரிக்கிறது. கணக்கில் கொள்ளப்படுவது சங்கமே மதிப்பிட்டுத் தரும் குதிரைத்திறன். 340 குதிரைத்திறன் என்று மதிப்பிடப்பட்ட எஞ்சினோடு 3,400 பவுண்டு எடையுள்ள வண்டி ஓடினால், ஒரு குதிரைத்திறனுக்குப் பத்து பவுண்டு. அதே எஞ்சினின் மதிப்பு 360ஆக உயர்த்தப்பட்டால், அந்த விகிதத்தைக் காக்க 200 பவுண்டு கூடுதலாகச் சுமக்க வேண்டும். இந்த மதிப்பு எஞ்சினுக்கு மட்டும் தரப்படுவதன்று. இன்ன ஆண்டின் இன்ன வண்டி, அதில் இன்ன எஞ்சின், அதன்மேல் இன்ன வார்ப்பு எண்ணுள்ள சிலிண்டர் ஹெட் (சிலிண்டர்களை மூடி, வால்வுகளைத் தாங்கும் மேற்பகுதி), அதற்கு இன்ன கார்புரேட்டர் என்று சங்கத்தின் பட்டியல் ஒவ்வொன்றாக வரையறுக்கிறது. மதிப்பு குறைவாகவும் உண்மையான வலிமை மிகுதியாகவும் உள்ள பட்டியல் வரியைத் தேடுவதே பந்தயக்காரரின் முதல் வேலை. அந்த வரியைத்தான் அவர்கள் காம்பினேஷன் என்கிறார்கள்.

இனி, கார்புரேட்டர் என்ன செய்கிறது? காற்றையும் பெட்ரோலையும் கலக்கிறது. பெட்ரோல் முழுதாக எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்குக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். பந்தயத்தில் பெட்ரோலின் பங்கைச் சற்றுக் கூட்டி வைப்பார்கள். இதுதான் கலவை. தமிழ்நாட்டின் எந்த மெக்கானிக்கும் இதைத்தான் கலவை என்பார். பந்தய நாளன்று வெயில் ஏறிக் காற்றின் அடர்த்தி குறைந்தால், ஸ்டாக் பிரிவில் ஓடுபவர் கார்புரேட்டரின் ஜெட்டை, அதாவது பெட்ரோலின் அளவை முடிவுசெய்யும் துளைத் திருகை, மாற்றிக் கலவையைத் திருத்திக்கொள்ளலாம்; விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் குவாட்ராஜெட் கார்புரேட்டரோடு பட்டியலில் உள்ள ஷெவர்லே எஞ்சினில் அதைக் கழற்றிவிட்டு ஹாலி நிறுவனத்தின் கார்புரேட்டர் ஒன்றைப் பூட்டினால், இரண்டும் ஒரே விகிதத்தில் காற்றையும் பெட்ரோலையும் கலந்தாலும் வண்டி தகுதியிழக்கும். மாற்றக்கூடியதற்கும் மாற்றக்கூடாததற்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு, விதியை எப்படித் தமிழில் எழுதுவது? எஞ்சினைப் பிரித்துச் சோதிக்கும் அதிகாரி ஹெட்டின் எரியறைக் கொள்ளளவையும் வால்வுகளின் விட்டத்தையும் அளப்பது சேர்மானம் மாறவில்லை என்று உறுதிசெய்யத்தானே ஒழிய, கலவையைப் பார்க்க அன்று.

ஃபோர்டு நிறுவனத்தின் 428 கோப்ரா ஜெட் எஞ்சினைவிட இதற்கு நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 428 கன அங்குல எஞ்சின் பெரிய கார்களில் ஏற்கெனவே இருந்தது. அதன்மேல் ஃபோர்டின் 427 பந்தய எஞ்சினின் வழியில் வந்த, காற்று செல்லும் பெரிய வாய்களைக் கொண்ட ஹெட்டை ஏற்றி, நிமிடத்துக்கு 735 கன அடி காற்றை விடும் ஹாலி கார்புரேட்டரைப் பொருத்தி, 335 குதிரைத்திறன் என்று அடக்கமாக அறிவித்தார்கள். 1968ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பொமோனாவில் நடந்த, அச்சங்கத்தின் விண்டர்நேஷனல்ஸ் போட்டியில், அந்த எஞ்சின் பூட்டிய மஸ்டாங்கை ஓட்டி ஆல் ஜோனியெக் சூப்பர் ஸ்டாக் பட்டத்தை வென்றார். அங்கே புதிது என்று சொல்லத்தக்கது, எதோடு எது சேர்ந்தது என்பதுதான். சேர்ந்த பின்னும் ஹெட் ஹெட்டாகவே இருந்தது. திருகைக் கழற்றினால் தனியே வந்துவிடும். கலவையில் சேர்ந்தவை அப்படி மீள்வதில்லை.

அகராதியைத் திறந்து முதலில் கண்ட சொல்லை எடுத்துக்கொள்ளும் மொழிபெயர்ப்பு, பந்தயத்தோடு நிற்கவில்லை. மஞ்சள் உடலும் அரக்குக் கரையும் கொண்ட சேலையை ‘வண்ணக் கலவை’ என்று விளம்பரம் செய்கிறார்கள். மஞ்சளும் அரக்கும் கலந்தால் இரண்டும் அல்லாத வேறொரு நிறம் அல்லவா வரும்? நம் வீடுகளில் இந்தக் குழப்பம் இருந்ததில்லை. புளிச்சாதமும் எலுமிச்சைச் சாதமும் கலவைச் சாதம். இட்லியும் சட்டினியும் ஒன்றுக்கொன்று நல்ல சேர்மானம். கொத்தனார் சிமெண்டும் மணலும் குழைத்ததைக் கலவை என்பார். செங்கல்லையும் கதவுநிலையையும் அப்படிச் சொல்ல மாட்டார். சமையற்கட்டிலும் கட்டுமான இடத்திலும் பிழையின்றி வழங்கும் வேறுபாட்டை, எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் அழிப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சேர்க்கை என்று சிலர் எழுதுகிறார்கள். கலவையைவிட அது மேல். ஆனால் கல்லூரிச் சேர்க்கை என்று சேர்க்கும் செயலுக்கே அது பழகிவிட்டது. இணைப்பு என்றால் குழாயும் மின்கம்பியும் நினைவுக்கு வருகின்றன. மானம் என்னும் ஈறு வடமொழியைப் போல ஒலிக்கிறது என்று தனித்தமிழ் அன்பர்கள் தயங்குவார்கள். தேய், பிடி, கட்டு, சேர் என்று தமிழ் வினைகளோடு இத்தனை இயல்பாக ஒட்டி, மக்கள் நாவில் தேய்ந்து வழவழப்பான ஈற்றை ஒலியை மட்டும் பார்த்துத் தள்ளுவது நமக்குத்தான் இழப்பு. ஹெட், கார்புரேட்டர், ஜெட் ஆகிய உறுப்புப் பெயர்களை நான் அப்படியே வைத்துக்கொள்கிறேன். பட்டறையில் அவற்றுக்கு ஐயமில்லாத பொருள் இருக்கிறது. எனவே அந்தக் காணொளியின் வாக்கியத்தை நான் இப்படி எழுதுவேன்: ‘இந்த வகுப்பில் ஓடுபவர்கள் தொழிற்சாலைச் சேர்மானத்தை மாற்றக் கூடாது, கலவையைத் திருத்திக்கொள்ளலாம்.’